காரணம் போதாது

காரையன்பதி, சித்தூர் தாலுகா
2-9-1974

செல்வி பூமாரிக்கு,

உன் கடிதம் வந்தது. தேதி போடாமல் எழுதியிருக்கிறாய். தபால் முத்திரையைப் பார்த்துத்தான் எந்தத் தேதியில் எழுதினாய் எனத் தெரிந்துகொண்டேன்.

பதினொரு வருடம் என் பள்ளியில் வேலை பார்த்ததற்கு சர்வீஸ் சர்ட்டிபிகேட் கேட்கிறாய். இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் எஸ்டேட் ஸ்கூலில் அதைக் காட்டாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்கிறாய். தருகிறேன். அதற்கு முன் சிலவற்றைச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்தவைதான். எழுத்தில் இருக்கட்டும்.

ஆகஸ்டு ஏழாம் தேதி கல்வி ஆபீசர், ஏ.இ.ஓ., சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். நாலாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளைப் புரட்டினார். குப்பண்ணன் மகள் சுப்பாத்தாளின் நோட்டை மட்டும் தோல்பையில் வைத்துக்கொண்டு போனார். பத்தே நாளில் நாலாம் வகுப்பின் இரண்டாவது டிவிஷன் ரத்தானது. உன் வேலை அதோடு போயிற்று. என் மேனேஜர் பதவி விசாரணையில் தொங்குகிறது. என் கணவர் கல் சுமந்து கட்டிய பள்ளி. அவர் போன பின்பு பத்தொன்பது வருடம் ஒரு பெண்பிள்ளையாக நின்று நான் நடத்திய பள்ளி.

வெள்ளிக்கிழமைப் பாடம் என்னுடையது. கோயமுத்தூர் கான்வென்டில் கன்னிகாஸ்திரீகள் எங்களுக்குக் கற்பித்தது. எதைப் படித்தாலும் எழுதியவர் யார், யாருக்கு எழுதினார், படிப்பவரிடமிருந்து அவருக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேள். பிறகு உன் கருத்தைச் சொல். சொன்ன கருத்துக்குக் காரணம் கொடு. உர விளம்பரம், தேர் நோட்டீஸ், இருமல் மருந்துச் சீட்டு என்று எதையாவது பலகையில் ஒட்டி இதைச் செய்யச் சொன்னேன். இந்தத் தாலுகாவில் வேறெந்த ஆரம்பப் பள்ளியிலும் இது கிடையாது.

அதை நீ என் பள்ளிக்கு எதிராகவே திருப்பினாய்.

சுப்பாத்தாள் எழுதியதிலிருந்து நாலு வரிகளை உத்தரவில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். "புது வகுப்பறை வேண்டாம்" என்று ஒன்பது வயதுக் குழந்தை எழுதலாம். எத்தனை பேர் வந்தார்கள், யார் வண்டி, எப்போது திரும்பினார்கள் என்பதையெல்லாம் அது தானாக எழுதாது. யாரோ கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ஜூலையில் தலை எண்ணிய அன்று நடந்தது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை நான் காகிதத்தில் எழுத மாட்டேன்.

இதனுடன் ஒரு வாக்குமூலம் வைத்திருக்கிறேன். "சுப்பாத்தாளின் கட்டுரையில் உள்ள விவரங்கள் நான் சொல்லி எழுதவைத்தவை. அவை உண்மையல்ல. மேனேஜர் மீது எனக்கிருந்த மனத்தாங்கலால் அவ்வாறு செய்தேன்." மூன்றே வாக்கியம். கையெழுத்திட்டு அனுப்பு. மறு தபாலில் சர்ட்டிபிகேட் வரும்.

வே. ராமாத்தாள்
மேனேஜர்

---

போடிமெட்டு வழி
10-9-1974

மேனேஜர் அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

முன் கடிதத்தில் தேதி போடாதது தப்புதான். பஸ் ஸ்டாண்டில் நின்று எழுதினேன்.

இங்கே அப்பாவோடு லயத்து வீட்டில் இருக்கிறேன். எஸ்டேட் ஸ்கூலில் வாத்தியார் இல்லை. சர்ட்டிபிகேட் வரும் வரைக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் ஆபீஸ் ரைட்டர் ஏசுரத்தினம். "பாடம் நடத்து தாயி. ஆனா அந்த நாற்காலியில மட்டும் உக்காந்திராத, காகிதம் வராம உக்காந்தா தொரை என் நாற்காலியப் புடுங்கிருவாரு" என்றார். நின்றுகொண்டே நடத்துகிறேன். எனக்குப் பழக்கம்தான். நம் பள்ளியிலும் நீங்கள் வகுப்புக்குள் இருக்கும்போது நான் உட்கார்ந்ததில்லை.

வாக்குமூலத்தைப் படித்தேன். கையெழுத்துப் போட முடியாது அம்மா.

நீங்கள் எழுத மாட்டேன் என்றதை நான் எழுதுகிறேன். நாலாம் வகுப்பில் நம் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர். நாற்பத்தைந்துக்கு மேல் ஒரு தலையாவது இருந்தால்தான் இரண்டாவது டிவிஷன், இரண்டாவது டீச்சர். அதனால் எண்ணிக்கை நாளில் மாநில எல்லைக்கு அப்புறமிருந்து பதினான்கு பிள்ளைகளை குப்பண்ணன் மாட்டுவண்டியில் கொண்டுவந்தார். அவர்கள் அங்கே வேறு ஸ்கூலில் படிக்கிறவர்கள். ஆபீசர் எண்ணி முடித்ததும் உப்புமா சாப்பிட்டுவிட்டு, மணி அடிப்பதற்கு முன்பே போய்விட்டார்கள். நாலு வருடமாக இப்படித்தான். நான் யோக்கியம் பேசவில்லை. அந்த இரண்டாவது டீச்சர் நான்தான். பொய்த் தலைகளின் மேல்தான் நாலு வருடம் சாப்பிட்டேன்.

ஆனால் சுப்பாத்தாள் எழுதியது உண்மை. அதைப் பொய் என்று நான் எழுதிக்கொடுத்தால் அந்தப் பிள்ளை இனி தன் கண்ணால் பார்த்ததையே நம்பாது. ஒரு பெரியவர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் கண்ட உண்மையும் பொய்யாகிவிடும் என்று கற்றுக்கொள்ளும். அதற்காகவா இத்தனை வெள்ளிக்கிழமைகள்?

வேறு எது வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். வேலையில் கவனக்குறைவு என்று எழுதுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

சுப்பாத்தாள் ஸ்கூலுக்கு வருகிறாளா? அதை மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
கு. பூமாரி

---

காரையன்பதி
17-9-1974

பூமாரிக்கு,

உண்மையைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறாய். ஹாஜர் புஸ்தகத்தில் அந்தப் பதினான்கு பெயர்களுக்கும் தினந்தோறும் கோடு போட்டது யார் கை? ஒரு நாள் நான்கு பேருக்கு ஜுரம் என்றும், ஒரு நாள் இரண்டு பேர் கல்யாணத்துக்குப் போனார்கள் என்றும் எழுதினாயே, அந்தக் கற்பனையையும் நானா சொல்லிக்கொடுத்தேன்? நாலு வருடம் வலிக்காத மனச்சாட்சி, வேலை போன பிறகு வலிக்கிறது.

இதற்குக் காரணம் ஜூலை. உன் தாயாருக்கு உடம்பு முடியவில்லை என்று விடுப்புக் கேட்டாய். எண்ணிக்கை நாளில் டிவிஷனுக்கு டீச்சர் இல்லாமல் எப்படி? அது முடிந்ததும் போகச் சொன்னேன். நீ போய்ச் சேர்வதற்குள் அவர் காலமாகிவிட்டார். அதற்கு நான் அன்றே வருத்தம் தெரிவித்தேன். நீ தலையை மட்டும் ஆட்டினாய். பிறகு மூன்றே வாரத்தில் என் பள்ளி என்ன ஆயிற்று என்று பார். தற்செயல் என்று எண்ணும் அளவுக்கு நான் பச்சைப்பிள்ளை அல்ல.

தங்க அறை கொடுத்தேன். உனக்கு அம்மை போட்டிருந்தபோது உப்புமா ஆக்கும் நாச்சம்மாளை உன் கூடவே படுக்கவைத்தேன். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கப் போக வேண்டியவளை டீச்சர் ஆக்கினேன். இவற்றைச் சொல்லிக்காட்டுவது அநாகரிகம் என்று எனக்குத் தெரியும். நீ என்னை அந்த இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டாய்.

சுப்பாத்தாள் வரவில்லை. குப்பண்ணன் நிறுத்திவிட்டான். ஆடு மேய்க்கிறாள். அதுவும் உன் பாடத்தின் பலன்தான்.

முப்பதாம் தேதிக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. வாக்குமூலம் உன்னிடம் இருக்கிறது.

வே. ராமாத்தாள்

---

போடிமெட்டு வழி
23-9-1974

அம்மாவுக்கு,

சுப்பாத்தாள் ஆடு மேய்க்கிறாள் என்று படித்த பிறகு இரண்டு நாள் எழுதவில்லை. இப்போது எழுதுவது கொஞ்சம் நீளமாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை இங்கே நம் பாடத்தை நடத்தினேன். ஒட்டுவதற்கு நோட்டீஸ் எதுவும் கிடைக்கவில்லை. நீங்கள் அனுப்பிய மூன்று வாக்கியத்தையும் பெயர்களை எடுத்துவிட்டுப் பலகையில் எழுதிப்போட்டேன். வேறொன்றும் சொல்லவில்லை. யார் எழுதியது, எதற்காக எழுதியது என்று மட்டும் கேட்டேன்.

சந்தனம் எழுந்து, "எழுதுனது ஒரு ஆளு, கையெழுத்துப் போடப்போறது வேற ஆளு டீச்சர்" என்றாள். எப்படித் தெரியும் என்றேன். "தன்னப் பத்தி எழுதுறவுக இம்புட்டுத் திருத்தமா எழுத மாட்டாக" என்றாள். கருத்தப்பாண்டி, "எங்க அம்மாகிட்டக்கூட கங்காணி இப்படித்தான் ஒரு காயிதத்த நீட்டுனாரு. படிக்காதன்னு சொன்னாரு" என்றான். வகுப்பு சிரித்தது. கடைசி வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை எழுந்து, "எழுதுனவுக ரொம்பப் படிச்சவுக டீச்சர். ஆனா பயந்துட்டாக" என்றது.

நான் செய்தது துஷ்டத்தனம்தான். கோபத்தில் செய்தேன்.

இனி சொல்லப்போவதை நான் சொல்லவே வேண்டாம் என்று இருந்தேன்.

ஜூலை கடைசி வெள்ளிக்கிழமை பலகையில் ஒட்டியது எது என்று நினைவிருக்கிறதா? நீங்கள் எழுதிய நோட்டீஸ். "நாற்பத்தாறு குழந்தைகள் ஒரே அறையிலும் வராந்தாவிலும் நெருக்கியடித்துக்கொண்டு படிப்பதைக் காணும் எவருடைய நெஞ்சும் இளகாதா?" புது வகுப்பறைக்கு வீட்டுக்குப் பத்துப் பனையோலை கேட்டு ஊருக்கெல்லாம் கொடுத்தது. "வாக்கியங்கள் நன்றாக அமைந்திருக்கின்றன, பிள்ளைகள் பார்க்கட்டும், இந்த வாரம் இதை ஒட்டு" என்று நீங்கள்தான் கொடுத்தனுப்பினீர்கள்.

சுப்பாத்தாள் முதலில் எழுதியது இரண்டே வரி. "இந்த நோட்டீஸ் நம்மிடம் ஓலை வாங்குவதற்காக எழுதப்பட்டது. புது வகுப்பறை வேண்டாம் என்பது என் கருத்து." அவ்வளவுதான். வழக்கம்போல நோட்டுகள் சனிக்கிழமை உங்களிடம் வந்தன. திங்கட்கிழமை திரும்பியபோது அதற்குக் கீழே சிவப்பு மையில் இருந்தது: "காரணம் போதாது. எத்தனை பேர்? யார்? எப்போது? விவரம் இல்லாத கருத்தை யாரும் நம்ப மாட்டார்கள். மறுபடி எழுது."

நீங்கள் முப்பத்திரண்டு நோட்டுக்கு நடுவில் எழுதியிருப்பீர்கள். வாக்கியத்தைப் பார்த்திருப்பீர்கள், விஷயத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். எனக்குத் தெரியும்.

அந்தப் பிள்ளை நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தது. "டீச்சர், மேனேஜரம்மா எத்தன பேருன்னு கேட்டிருக்காங்க. எங்கப்பன் வண்டியில வந்தவங்களையும் சேத்திச் சொல்லோணுங்களா?" என்றது. "உனக்கு என்ன தெரியுமோ அதை எழுது" என்றேன். என் குற்றம் அந்த ஒரு வாக்கியம். அப்போது எங்கம்மா போய் இரண்டு வாரம். தடுத்திருக்கலாம். நோட்டை வாங்கி என் பெட்டியில் போட்டிருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். நீங்கள் சொல்லும் மனத்தாங்கல்தானா, எனக்கே தெரியவில்லை. அதனால்தான் அதை ஆமென்றும் எழுத முடியவில்லை, இல்லையென்றும் எழுத முடியவில்லை.

சுப்பாத்தாள் மறுபடி எழுதினாள். எண்ணிக்கை, வண்டி, உப்புமா, மழை நாளில் முப்பத்திரண்டு பேரும் ஒரே அறையில் தாராளமாக உட்கார்ந்தது, எல்லாம். அடுத்த சனிக்கிழமை நீங்கள் அதற்குக் கீழே, "இப்போது நம்பும்படி இருக்கிறது" என்று எழுதி ஒன்பது மார்க் போட்டீர்கள்.

ஆபீசர் வந்த அன்று நீங்கள் வராந்தாவில் உப்புமா அண்டா பக்கத்தில் நின்று நாச்சம்மாளைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்குக் கேட்டிருக்காது. அவர் நோட்டை என் முன்னால் நீட்டி, "டீச்சரே, ஈ சுவப்பு மஷி ஆருடெ?" என்றார். சிவப்பு மை யாருடையது என்று மலையாளத்தில் கேட்டார். "என்னுடையது சார்" என்றேன். ஏன் சொன்னேன்? பதினொரு வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். இரண்டாவது பொய்யை எழுத்தில் கேட்காதீர்கள்.

நம்ப வேண்டாம். நோட்டு சித்தூரில் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

கு. பூமாரி

---

காரையன்பதி
4-10-1974

பூமாரிக்கு,

இதனுடன் சர்வீஸ் சர்ட்டிபிகேட் இருக்கிறது. பதினொரு வருடம் இரண்டு மாதம். நடத்தை மிக நன்று என்று எழுதியிருக்கிறேன். வாக்குமூலத்தைக் கிழித்துவிடு.

உன் கடிதம் 27-ஆம் தேதி வந்தது. அதில் இருப்பது பொய் என்று காட்டுவதற்காகவே 30-ஆம் தேதி திங்கட்கிழமை சித்தூர் போனேன். என்னுடைய பள்ளி சம்பந்தப்பட்ட ஃபைல் என்பதால் காட்டினார்கள். கந்தப்பன் என்கிற குமாஸ்தா எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார்.

என் கையெழுத்து. "போதாது" என்பதில் கடைசி எழுத்தின் வாலைக் கீழே இழுக்கும் வழக்கம் எனக்கு உண்டு. கான்வென்டில் அதற்காக அடி வாங்கியிருக்கிறேன். அதுவும் அங்கே இருந்தது. மார்க் போட்ட இடத்தையும் சேர்த்து இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். அந்தப் பிள்ளை இரண்டு வரியோடு நிறுத்தியிருந்தது. நிறுத்தியிருந்ததை நான் இழுத்து வெளியே கொண்டுவந்திருக்கிறேன். எழுதியது எனக்கு நினைவே இல்லை. அது எனக்குச் சாதகம் அல்ல என்றும் தெரிகிறது.

கந்தப்பன் எட்டிப் பார்த்து, "அந்தப் புள்ளையவிட திருத்துன டீச்சர்தானுங்க கெட்டிக்காரி. இப்படிக் கேள்வி கேட்டுத் திருத்துற ஒருத்தி என் மகளுக்கு வாய்க்கலீங்க. பாவம், அவங்களுக்குத்தான் வேலை போச்சுங்களாம்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸை விட்டு இறங்கி நேராக குப்பண்ணன் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குள் நான் போவது இதுவே முதல் தடவை. சுப்பாத்தாளை நாளையிலிருந்து அனுப்பு என்றேன். "வேண்டாமுங்கம்மா. அவ எழுதுனது போதுமுங்க. ஆட்டுக்கு எழுத்து வேண்டியதில்லீங்க" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். பெஞ்சைத் துடைத்துப் போட்டான். பெண் கதவுக்குப் பின்னால் நின்றது. "ஏனுங்கம்மா, நா எழுதுனதுல எது பொய்யிங்க?" என்று கேட்டது. எதுவும் இல்லை என்றேன். "அப்பறம் எதுக்குங்க டீச்சர் போனாங்க?" என்றது. குப்பண்ணன் அதை அதட்டினான். நான் எழுந்து வந்துவிட்டேன்.

சர்ட்டிபிகேட்டை அன்று மாலையே எழுதி முடித்தேன். அதன்பின் நான்கு நாள் மேஜையில் கிடந்தது. முப்பதாம் தேதி தாண்டிவிட்டது என்பது எனக்குத் தெரியும். எஸ்டேட்காரர்கள் அவ்வளவு கண்டிப்பாக இருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

வே. ராமாத்தாள்

---

போடிமெட்டு வழி
11-10-1974

அம்மாவுக்கு,

சர்ட்டிபிகேட் கிடைத்தது. நன்றி.

எஸ்டேட்காரர்கள் கண்டிப்பாகத்தான் இருந்தார்கள். முதல் தேதியன்றே தேவாரத்திலிருந்து ஒருவர் வந்து சேர்ந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்துதான் பாடம் நடத்துகிறார். ஏசுரத்தினம் சங்கடப்பட்டார். "நாலு நாளு முந்தி வந்திருந்தா தொரை கால்ல விழுந்தாச்சும் வாங்கித் தந்திருப்பேன் தாயி" என்றார். திங்கட்கிழமையிலிருந்து கொழுந்து எடுக்கப் போகிறேன். அம்மாவின் கூடை வீட்டில் இருந்தது. பெயர் எழுதிக்கொண்டபோது கங்காணி, "டீச்சருக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா, கைநாட்டா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். நீங்கள் இப்படி எழுதி நான் பார்த்ததில்லை. சுப்பாத்தாள் வீட்டுக்குப் போனதற்காக உங்களுக்குக் கும்பிடு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கந்தப்பன் என்ன சொன்னார் என்று வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எழுதவில்லை. எழுதியவர் எதை விட்டுவிட்டார் என்று பார்க்கவும் நீங்கள்தானே பிள்ளைகளுக்குச் சொல்லச் சொன்னீர்கள்.

அந்த மை உங்களுடையது என்று அவரிடம் சொன்னீர்களா அம்மா?

கு. பூமாரி

---

காரையன்பதி
20-10-1974

பூமாரிக்கு,

சொல்லவில்லை.

ஏன் என்று உனக்கு விளக்கி நான்கு பக்கம் எழுதினேன். உண்மை வெளியானால் மேனேஜர் பதவி என் கொழுந்தன் அர்த்தநாரிக்குப் போகும், அவர் பள்ளி நிலத்தை முதலமடை மாங்காய் வியாபாரிக்கு விட்டுவிடுவார், முப்பத்திரண்டு பிள்ளைகளுக்காகவே நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று. ஒவ்வொன்றும் நடக்கக்கூடியதே. விவரங்கள் சரியாக இருந்தன. முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். இதை எழுதியவள் எதற்காக எழுதினாள் என்று கேட்டுக்கொண்டேன். நீ என்னைத் தவறாக நினைக்கக் கூடாது என்பதற்காக. அடுப்பில் போட்டுவிட்டேன்.

அந்த ஆபீசருக்கு என் மகன் இருந்திருந்தால் அவன் வயது. அவர் நோட்டை விரித்து என் பக்கம் திருப்பிவைத்து, இது உங்கள் எழுத்தா என்று கேட்பார். நான் ஆம் என்று சொல்ல வேண்டும். அது என்னால் முடியாது. அறுபத்தெட்டு வயதில் அதைப் பழகிக்கொள்ளவும் முடியாது. காரணம் இவ்வளவுதான். போதாது என்று நீ சொல்லலாம்.

விசாரணை முடிந்துவிட்டது. தவறு டீச்சருடையது, மேனேஜருக்கு எச்சரிக்கை என்று தீர்ப்பு. பதவி என்னிடமே இருக்கிறது.

சர்ட்டிபிகேட்டைத் திருப்பி அனுப்பாதே. இதற்குப் பதிலும் எழுதாதே. வந்தால் நான் பிரிக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமைப் பாடத்தை நிறுத்திவிட்டேன். அந்த நேரத்தில் பிள்ளைகள் பலகையைப் பார்த்துக் கையெழுத்துப் பழகுகிறார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. எழுத்து மணிமணியாக இருக்கிறது.

வே. ராமாத்தாள்